மூக்குக்காரர் வீட்டு மருவுச் செடி

எங்கள் வீட்டில் நகை கிடையாது, நிலம் கிடையாது. இருந்த ஒரே சொத்து என் அண்ணனின் மூக்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் வாங்கும் சம்பளம் என் பஸ்ஸுக்கும் செருப்புக்கும் சரியாகப் போய்விடும். மற்றபடி அண்ணன், அண்ணி, தங்கை நான் என்று மூன்று வயிற்றுக்கும் படியளந்தது அந்த மூக்குதான்.

காய்ந்த தழைகளைப் பொட்டலம் போட்டு விற்கும் ஒரு கம்பெனியில் அண்ணனுக்கு வேலை. வேலை என்றால் மோந்து பார்ப்பது. மூட்டை வந்து இறங்கியதும் ஒரு பிடி அள்ளி வெள்ளைத் தட்டில் போடுவான். வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு சொட்டு தெளித்து, விரலால் நசுக்கி, ஒரே மூச்சில் இழுத்து, வாங்கலாம் அல்லது திருப்பி அனுப்பு என்று சொல்லிவிடுவான். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே தன் முழங்கை மடிப்பை மோந்துகொள்வான். சொந்தத் தோலின் வாசனை பட்டால் மூக்கு கழுவி வைத்த பாத்திரம் போல் ஆகிவிடுமாம். எங்கள் கட்டடத்தில் அவனுக்கு மூக்குக்காரர் என்றே பெயர்.

அவனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய மூக்கு மங்கிவிட்டது என்பதை முதன்முதலில் கண்டுபிடித்து முதலாளியிடம் போய்ச் சொன்னவன் என் அண்ணன்தான். பெரியவரை லேபிள் ஒட்டும் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே பாதி நாள் வேலை, பாதிச் சம்பளம், முழு அவமானம். நாற்காலி அண்ணனுக்கு வந்தது. இதை அவன் தன் நேர்மைக்கு உதாரணமாக எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறான்.

இப்படிப்பட்ட மூக்கோடு ஒரே வீட்டில் குடியிருப்பது எத்தனை சுகம் என்று அண்ணியைக் கேட்க வேண்டும். நேற்றைய எண்ணெயில் உருளைக்கிழங்கை வதக்கினால் தட்டு திரும்பி வரும். டம்ளரில் சோப்பு வாடை என்று தேநீர் திரும்பி வரும். துணி அடுக்கில் அந்துருண்டை வைக்கக் கூடாது. வைத்தால் அந்தச் சட்டையைப் போடமாட்டான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி சமைத்த எதையும் அவன் வாய்திறந்து பாராட்டிக் கேட்டதில்லை. குறை சொல்லாமல் சாப்பிட்டால் அதுவே பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவன் மனசார நேசித்தது அடுக்களை ஜன்னலில் இருந்த மருவுச் செடியை. கம்பெனியில் அதை மார்ஜோரம் என்பார்கள். தூசியைவிடச் சிறிய விதையிலிருந்து அவனே வளர்த்தது. விதையை மண்ணுக்கு மேலே தூவினால் போதும், புதைத்தால் முளைக்காது. வெயில் நிறைய வேண்டும், தண்ணீர் குறைவாக வேண்டும். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் கிளைக்கும். முடிச்சுப் போட்டது போன்ற அந்த மொட்டுகள் விரியும் முன் வெட்டிவிட வேண்டும். கட்டித் தலைகீழாக நிழலில் தொங்கவிட வேண்டும். சூப்பில் போடுவதானால் அடுப்பை அணைத்த பிறகுதான் போட வேண்டும், கொதித்தால் வாசனை ஓடிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரிகிறது என்றால் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செடியிலிருந்து காயவைத்த இலையைத்தான் ஒரு சீசாவில் போட்டுக் கம்பெனி மேசையில் வைத்திருப்பான். வருகிற மருவு மூட்டை எல்லாம் அந்தச் சீசாவோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே போகும்.

தினமும் காலையில் ஓர் இலையைக் கசக்கி மோந்து, கண்ணை மூடிக்கொண்டு, இன்றைக்கு இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்றோ பச்சை வாடை அடங்கவில்லை என்றோ ஒரு தீர்ப்பு சொல்வான். பிறகுதான் பல் துலக்குவான். தொட்டிக்கு அவனைத் தவிர யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்ற வேண்டும் என்பது சட்டம்.

மழைக்காலத் தொடக்கத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. பத்துப் பதினைந்து நாள் எழுந்திருக்கவில்லை. அண்ணி ராப்பகலாகப் பார்த்துக்கொண்டாள். அவன் செடியையும் அதே கரிசனத்தோடு பார்த்துக்கொண்டாள். அவனுக்கு மருந்து கொடுக்கும்போதெல்லாம் செடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். தொட்டிக்கு அடியில் இருந்த தட்டு குளமாக நின்றது. அவன் தேறினான், செடி அழுகிச் செத்தது.

அடித்தண்டு கறுத்துப்போன அந்தச் செடியைப் பார்த்து அண்ணி அழுத அழுகையைப் பார்த்தால் யாருக்கும் அண்ணன் மேல்தான் கோபம் வரும். எனக்கு வந்தது. ஆனால் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று அவளைக் கூட்டிக்கொண்டு நர்சரிக்குப் போனேன். நர்சரிக்கார அம்மாள் மழையில் மருவு வராது, கொஞ்ச நாள் பொறுங்கள் என்று கையை விரித்துவிட்டு, பின்னாலிருந்து ஒரு செடியை எடுத்து வந்தாள். அதே சின்ன முட்டை வடிவ இலை, அதே சாம்பல் பூத்த பச்சை.

“இது மருவுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். அழகுக்கு வெக்கிறது. பாக்க அச்சு அசலா இருக்கும், வாசனை மட்டும் கேக்காதீங்க” என்றாள்.

அண்ணனுக்கு மூக்கடைப்பு போக இன்னும் நாலு நாள் ஆகும், அதுவரை கண்ணுக்கு ஏதாவது இருக்கட்டும் என்று வாங்கி வந்து, விளிம்பில் சில்லு உடைந்த அதே மண்தொட்டியில் வைத்தோம். நான் கசக்கிப் பார்த்தேன். பழைய காகிதத்தை மோந்தது போல் இருந்தது.

மறுநாளே அண்ணன் எழுந்து வந்துவிட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போனான். அண்ணி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள், நான் வெங்காயத்தைப் பார்த்தபடி இருந்தேன். இலையைக் கசக்கினான், மோந்தான், கண்ணை மூடினான்.

“அப்பாடா, இப்பத்தான் உயிர் வந்துச்சு” என்றான்.

அவன் பல் துலக்கப் போனதும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவருக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. என் மனசு நோகக் கூடாதுன்னுதான் காட்டிக்கல.”

அன்றிலிருந்து அண்ணி வேறு மனுஷி. பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுவென்று பாடினாள். அண்ணனும் அவள் எண்ணத்தை மெய்ப்பிப்பது போலவே நடந்துகொண்டான். தட்டு திரும்பி வரவில்லை, டம்ளர் திரும்பி வரவில்லை. ஒருநாள் அடிப்பிடித்த பீன்ஸை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அண்ணி என்னிடம் சொன்னாள். காய்ச்சல் மனுஷனை மாற்றிவிட்டதாம். தினமும் காலையில் அவன் அந்த வாசனையில்லாத இலையை மோந்து தீர்ப்பு சொல்லும்போது, ஏதோ காதல் கடிதம் படிப்பதைக் கேட்பது போல் அவள் நின்று கேட்பாள்.

எனக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. என் அண்ணனை எனக்குத் தெரியும். ஒரு செடிக்காக ஒரு மாதம் பேசாமல் இருப்பானே தவிர, ஒரு மாதம் பொய் சொல்லி ஒருத்தியின் மனசைக் காப்பாற்றுகிற ஜாதி அவன் இல்லை. அதோடு, என் தொழிலும் அப்படி. கடையில் எழுத்துப் பலகைக்கு முன்னால் ஆட்களை உட்காரவைப்பது நான்தான். பார்வை போனதை மறைக்க நினைப்பவர்கள் வெளியே காத்திருக்கும்போதே பலகையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். உட்கார்ந்ததும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். நான் பலகையைத் திருப்பிவிடுவேன். அப்போதும் பழைய எழுத்தையே ஒப்பிப்பார்கள்.

அண்ணனுக்கும் பலகையைத் திருப்பினேன். அவன் சட்டையை மூன்று நாள் அந்துருண்டையோடு மூடி வைத்து, இஸ்திரி போட்டு மாட்டினேன். ஒரு மைல் தள்ளி நிற்பவனுக்கும் தும்மல் வரும். அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் தலை வாரி, கம்பெனிக்குப் போய்விட்டு வந்தான்.

சாயங்காலம் மாடிப்படியில் அவனை நிறுத்தி, சட்டைப்பையில் நான் போட்டிருந்த உருண்டையை எடுத்துக் காட்டினேன். முதலில் சளி இன்னும் போகவில்லை என்றான். பிறகு படியில் உட்கார்ந்தான். பழக்கதோஷத்தில் முழங்கை மடிப்பை மூக்கருகே கொண்டுபோனான்.

“என் கையே எனக்கு மணக்கல” என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்பெனியில் எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டேன். நிறத்தைப் பார்க்கிறானாம், காம்பை ஒடித்துப் பார்க்கிறானாம், சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறானாம். நல்ல மூட்டைகள் எத்தனையோ திரும்பிப் போயிருக்கின்றன. காய்ச்சலுக்குப் பிறகு இவர் இன்னும் கண்டிப்பு என்று முதலாளி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாராம். அவனுக்கு ராத்திரியெல்லாம் லேபிள் மேசைதான் கண்ணில் நிற்கிறதாம். அங்கே போனால் பழைய பெரியவருக்குப் பக்கத்து நாற்காலிதான் காலியாக இருக்கிறது.

“அவகிட்ட சொல்லாத. சரியாயிடும். காலையில நம்ம செடியக் கசக்கினா மட்டும் லேசா ஏதோ வர்ற மாதிரி இருக்கு. அத நம்பித்தான் இருக்கேன்.”

என்ன சொல்வது? உன் செடிக்கு வாசனையே கிடையாது என்றால் அவனுடைய நம்பிக்கை போகும். அவனுக்கு வாசனையே தெரியாது என்றால் அவளுடைய சந்தோஷம் போகும். இருதலைக்கொள்ளி எறும்பாக நான் நடுவில் நின்றேன். இரண்டு பேரும் தனித்தனியாக என்னை நம்பி வாயைக் கட்டிவிட்டார்கள். மற்ற நேரமானால் இந்த வாயைக் கட்ட யாராலும் முடியாது.

அப்போதுதான் முதலாளி வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். புதிதாக ஒரு சூப்புப் பொடி போடுகிறார்கள், அதற்கு வருஷம் முழுவதற்கும் வேண்டிய மருவை ஒரே ஆளிடம் வாங்கப் போகிறார்கள். இரண்டு பேருடைய சரக்கு கையில் இருக்கிறது. புகழ்பெற்ற அந்தச் செடியின் பச்சை இலையோடு வைத்துப் பார்த்து, எது என்று மூக்குக்காரர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை. தப்பான மூட்டையை வாங்கினால் ஒரு வருஷப் பொடி பாழ். அதன் பிறகு நாற்காலியாவது மூக்காவது.

அண்ணிக்கு வேறு கவலை. முதலாளி இலையைக் கிள்ளி மோந்தால் குட்டு வெளிப்படுமே, எனக்காகப் பொய் சொன்ன மனுஷன் தலைகுனிய வேண்டுமே என்று தவித்தாள். இந்தத் தவிப்பு எனக்கு வசதியாகப் போயிற்று. மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கியிருந்தது, நர்சரியில் அசல் மருவு வந்திருந்தது. அண்ணன் முடிவெட்டப் போயிருந்த நேரத்தில் புதுச் செடியை அதே சில்லுத் தொட்டியில் வைத்தோம். பழையதைத் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒளித்தோம். தொட்டவுடனே அடுக்களை முழுக்க மணந்தது. அவர் இதைப் பார்த்ததும் எப்படி மலர்ந்துபோவார் பார் என்று அண்ணி புடவையை மாற்றிக்கொண்டாள்.

முதலாளி கனத்த உடம்புக்காரர். படியேறி வந்த மூச்சு அடங்கியதும் இரண்டு துணிப்பைகளை மேசையில் வைத்தார். இரண்டில் ஒன்று தன் மச்சானுடையது, எது என்று மட்டும் சொல்லமாட்டேன் என்று சிரித்தார். பிறகு, அவர் வருவதற்காக நாங்கள் கூடத்து ஜன்னலில் மாற்றி வைத்திருந்த செடியிடம் போய் ஓர் இலையைக் கிள்ளி மோந்து, இதுவல்லவா மருவு என்று தலையாட்டினார்.

அண்ணனும் கிள்ளினான். கண்ணை மூடினான். அண்ணி கதவோரம் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைத் திறந்து, தினமும் பார்க்கிற மாதிரியே அவளைப் பார்த்தான்.

“நேத்து இருந்த மாதிரியேதான் இருக்கு, இல்ல?” என்றான்.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்திருக்கக் கூடாது. ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவன் மூக்கு போனதும் புரிந்தது, இத்தனை நாளும் அவன் அவளை மன்னிக்கவே இல்லை, மன்னிப்பதற்கு ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது என்பதும் புரிந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சூப்பை எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

வெள்ளைத் தட்டுகள் வந்தன. இடது தட்டில் ஒரு பிடி, வலது தட்டில் ஒரு பிடி, வெதுவெதுப்பான தண்ணீர். இடது தட்டை நசுக்கியதுமே காரமாக ஒரு நெடி கிளம்பி அடுக்களை வரை போனது. அண்ணன் இடதை மோந்தான், முழங்கையை மோந்தான், வலதை மோந்தான், மறுபடி இடதுக்கு வந்தான். ஒரே மூச்சில் தீர்ப்பு சொல்கிற மனுஷன். காது மடல் சிவந்து, மூக்கு நுனியில் வியர்த்தது. இரண்டும் ஒரே பச்சை, ஒரே பொடிப்பு. பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவனையே பார்த்தார். அந்தப் பார்வையை நான் கடையில் பார்த்திருக்கிறேன். எழுத்துப் பலகைக்கு முன்னால் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்பவரை எங்கள் கடைக் கண் டாக்டர் அப்படித்தான் பார்ப்பார்.

அண்ணன் கை இடது தட்டின் பக்கம் நகர்ந்தது. அப்போது அண்ணி சூப்புக் கிண்ணங்களோடு வந்து, இரண்டு தட்டுகளுக்கும் நடுவே வைத்தாள்.

“இவர் தினம் சொல்றதுதாங்க” என்று முதலாளியிடம் சொன்னாள். “இனிப்பா வந்து தொண்டையில நிக்காமப் போனா மருவு. மிளகு மாதிரி ஏறினா ஓரிகானோத் தழையக் கலந்திருக்காங்க. அடுப்படியில நிக்கிற எனக்கே இடது தட்டு ஏறுது. இவருக்குத் தெரியாதா? உங்க மனசு நோகுமேன்னு யோசிக்கிறார். இவருக்கு அந்தக் குணம் உண்டு.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் லேசாக உடைந்தது. முதலாளிக்கு அது கேட்கவில்லை. அவர் தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். இடது பை மச்சானுடையதாம். மச்சான் சரக்கென்று தெரிந்துதான் இவ்வளவு தயக்கமா, வியாபாரத்தில் தாட்சண்யம் பார்க்கலாமா என்று அண்ணனைச் செல்லமாகக் கடிந்துகொண்டார். அண்ணன் மெல்ல நிமிர்ந்து, வலது பக்கம்தான் வாங்கணும் என்றான். எனக்கு அவனைப் பார்க்கவே பாவமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

முதலாளி கிளம்பும்போது அண்ணி இன்னொன்றும் செய்தாள். கம்பெனித் தூசியில் இவருக்கு மூக்கு கெட்டுவிடும், இனிமேல் மாதிரித் தட்டுகளை வீட்டுக்கே கொடுத்தனுப்புங்கள் என்றாள். இப்படிப்பட்ட மூக்கைத் தூசியில் வைத்தது தன் தப்புதான் என்று அவர் ஒத்துக்கொண்டு படியிறங்கினார்.

அண்ணி கதவைச் சாத்தினாள். அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றான். எப்போது தெரிந்தது என்று கேட்டான். இன்றைக்குத்தான் என்றாள் அண்ணி. பிறகு, யாரும் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இது புதுச் செடி, பழையது காய்ச்சல் நேரத்திலேயே செத்தது, தண்ணீர் ஊற்றிக் கொன்றது அவள்தான், நடுவில் இருந்தது வாசனையே இல்லாத அழகுச் செடி.

தன் வேலையைக் காப்பாற்றியவளுக்கு என் அண்ணன் முதலில் சொன்ன வார்த்தை இதுதான்.

“காஞ்சாத்தான் தண்ணின்னு உனக்கு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?”

கையிலிருந்த கரண்டியால் அவன் தலையில் ஒன்று போடலாமா என்று இருந்தது எனக்கு. அண்ணி சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள். தான் வாக்கப்பட்ட ஆள் இதுதான், இத்தனை நாள் யாரோ அந்நிய மனுஷன் வீட்டில் இருந்துவிட்டுப் போயிருக்கிறான் என்றாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

“வாசனையே கிடையாதுன்னா, எனக்கு லேசா வந்துச்சே” என்றான். “தினம் வந்துச்சே.”

கீழே யாரோ பக்கெட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு அவன் ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, தன் மூக்குக்குக் கொண்டுபோகாமல் அவளிடம் நீட்டினான்.

“சரி. இது எப்படி இருக்கு, சொல்லு.”

அண்ணி வாங்கிக்கொள்ளவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

“அந்தச் செடியச் சாகடிச்சதுக்கு மன்னிச்சேன்னு மொதல்ல சொல்லுங்க. வாயத் திறந்து சொல்லணும். அப்புறம் சொல்றேன்.”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் உதவவில்லை. கிண்ணத்தில் ஆறிக்கொண்டிருந்த சூப்பைப் பார்த்தான், கையிலிருந்த இலையைப் பார்த்தான்.

“மன்னிச்சேன்” என்றான்.

அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து நான் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அண்ணி இலையை வாங்கி, அவசரமே இல்லாமல் மோந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இன்றைக்கு இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள்.